'சன்-அப்' என்னும் ஆங்கிலச் சொல்: பொருளும் உபயோகமும்

(அங்கத்தினர்களுக்கான ஆங்கிலச் சொற்பாடம்)

நமது சங்கங்களுக்கு வரும் ஆங்கிலக் கடிதங்கள் அரசாங்க இலாகாக்களிலிருந்து மட்டும் வருவன அல்ல. துணிக்கும் விளைபொருளுக்கும் வெளிநாட்டு வியாபாரிகளும் நேராகவே எழுதுகிறார்கள். இலாகாக் கடிதத்தின் ஆங்கிலம் எப்பொழுதும் ஒரே அச்சில் வார்த்தது போல் இருக்கும். பழகிவிட்டால் தடுமாற்றம் இல்லை. வியாபாரியின் கடிதத்திலோ அவர் தம் வீட்டிலும் கடைவீதியிலும் பேசும் சொற்கள் கலந்து வரும். அகராதியில் அவற்றின் அர்த்தம் கிடைத்தாலும், எந்த இடத்தில் எவ்வளவு பொறுப்புடன் அவற்றை ஏற்றுக்கொள்வது என்பது கிடைப்பதில்லை.

அத்தகைய சொற்களுள் ஒன்று 'சன்-அப்'. அமெரிக்க வியாபாரி ஒருவர், சரக்கு ஏற்றும் லாரி 'அட் சன்-அப்' கிடங்கு வாசலில் நிற்கும் என்று எழுதுவதாக வைத்துக்கொள்வோம். நமது காரியதரிசி எத்தனை மணிக்குக் கிடங்கைத் திறந்து வைக்க வேண்டும்? சுமைகூலிக்காரர்களை எப்பொழுது வரச் சொல்ல வேண்டும்? லாரி காத்து நின்றால் அதற்குரிய செலவு யாரைச் சேரும்? இவ்வினாக்களுக்கு விடை காண்பதற்கு முன், அச்சொல்லின் பொருளையும் வரலாற்றையும் அறிதல் நன்று.

1. சொல்லின் அமைப்பு

'சன்' என்றால் ஞாயிறு. 'அப்' என்றால் மேலே. இரண்டும் சேர்ந்து ஞாயிறு மேலே வரும் வேளையைக் குறிக்கின்றன. இது பெயர்ச்சொல். சில இடங்களில் நடுவே சிறு கோடிட்டும், இக்கால அமெரிக்க வழக்கில் பெரும்பாலும் ஒரே சொல்லாகவும் எழுதுவர். இதற்கு இணையான மாலைச்சொல் 'சன்-டவுன்'. 'டவுன்' என்பது கீழே என்று பொருள்படும். ஞாயிறு இறங்கும் வேளை.

இவ்விரண்டும் உடன்பிறந்த சொற்கள் போலத் தோன்றினும் வயதிலும் வழக்கிலும் வேறுபட்டவை. 'சன்-டவுன்' மூத்தது, ஆங்கிலம் வழங்கும் நாடுகள் பலவற்றிலும் பயிலுவது. 'சன்-அப்' அதற்குப் பின்னர், 18-ஆம் நூற்றாண்டிலிருந்து எழுத்தில் காணப்படுவது. பெரும்பாலும் அமெரிக்க ஐக்கிய நாட்டுப் பேச்சுக்கு உரியது. இங்கிலாந்தில் வளர்ந்தவர் இதைப் புரிந்துகொள்வார். ஆனால் தாம் பேசும்போது 'சன்ரைஸ்' என்றோ 'டேபிரேக்' என்றோ சொல்லுவதே சாதாரணம்.

2. உபயோகிக்கும் முறை

இச்சொல்லுக்கு முன் 'தி' என்னும் சுட்டு வருவதில்லை. 'அட் சன்-அப்' என்றால் ஞாயிறு எழும் வேளையில். 'பிஃபோர் சன்-அப்' என்றால் அதற்கு முன்னர். 'பை சன்-அப்' என்றால் அவ்வேளைக்குள். 'பி ரெடி பிஃபோர் சன்-அப்' என்பதற்கு, ஞாயிறு எழுமுன் ஆயத்தமாக இருங்கள் என்பது பொருள்.

'தி சன் இஸ் அப்' என்னும் வாக்கியத்துடன் இதை மயங்கிக் கொள்ளலாகாது. அவ்வாக்கியம் ஞாயிறு ஏற்கெனவே எழுந்துவிட்டது என்னும் நிலையைச் சொல்லுகிறது. காலை ஒன்பது மணிக்கும் அப்படிச் சொல்லலாம். 'சன்-அப்' என்பதோ எழும் வேளையை மட்டும் குறிப்பது. இதை வினையாக்கி, ஞாயிறு 'சன்-அப்' செய்தது என்று எழுதுவதும் பிழை.

இச்சொல் மிகுதியாகப் பயிலும் தொடர் ஒன்று உண்டு: 'ஃப்ரம் சன்-அப் டு சன்-டவுன்'. ஞாயிறு எழுந்தது முதல் விழும் வரை என்பது அதன் நேர்ப்பொருள்; பகல் முழுதும் ஓய்வின்றி என்பது குறிப்புப்பொருள். பெரும்பாலும் உழைப்பைப் பற்றிப் பேசும்போதே இத்தொடர் வரும். அதற்குக் காரணம் உண்டு. அதனைப் பின்னர் விரிவாகக் காண்போம்.

3. அருகிலுள்ள வேறு சொற்கள்

வைகறைக்கும் காலைக்கும் இடைப்பட்ட வேளைக்கு ஆங்கிலத்தில் பல சொற்கள் உள. அவற்றைத் தனித்தனியே அறிந்துகொள்வது நலம்.

'டான்' என்பது ஞாயிறு எழுமுன் கீழ்வானம் வெளுக்கும் வேளை. ஞாயிறு கண்ணுக்குத் தெரிந்துவிட்டால் 'டான்' முடிந்துவிட்டது. 'ஃபர்ஸ்ட் லைட்' என்பது முதல் வெளிச்சம். படைத்துறையினரும் மலையேறுவோரும் மிகுதியாக வழங்குவது. 'டேபிரேக்' என்பது பொழுது புலர்தல். 'கிராக் ஆஃப் டான்' என்பது புலர்ச்சியின் முதல் நொடி. அதற்கு முன் 'தி' கட்டாயம் வரும். மிக விடியற்காலையில் எழவேண்டியிருந்ததைச் சற்றுச் சலிப்புடன் சொல்லும்போது இத்தொடரை ஆளுவர். 'சன்ரைஸ்' என்பது ஞாயிற்றின் எழுச்சி. சட்டம், வானநூல், பஞ்சாங்கம் ஆகிய யாவற்றிலும் வரும் முறையான சொல் இதுவே.

ஆகவே 'சன்-அப்'புக்கும் 'சன்ரைஸ்'ஸுக்கும் குறிக்கும் வேளை ஒன்றே. பழகும் இடம் வேறு. முன்னது பேச்சுக்கும் கதைக்கும் உரியது. பின்னது எழுத்துக்கும் ஏட்டுக்கும் உரியது.

தமிழில் இதே வேறுபாடு நமக்குப் பழக்கமானது. 'சூரியோதயம்' என்று பஞ்சாங்கத்தில் படிக்கிறோம். 'பொழுது கிளம்ப வந்துவிடு' என்று வயலில் சொல்லுகிறோம். 'பொழுது' என்னும் நமது சொல் காலத்தையும் குறிக்கும், ஞாயிற்றையும் குறிக்கும். ஞாயிறே கடிகாரமாக இருந்தவர்களின் சொல் அது. 'சன்-அப்' என்பதைத் தமிழாக்க வேண்டின் 'பொழுது கிளம்ப' என்பதும், 'சன்-டவுன்' என்பதற்குப் 'பொழுது சாய' என்பதும் மிகப் பொருந்தும். 'டான்' என்பதற்கு 'விடியல்' அல்லது 'கிழக்கு வெளுக்கும் வேளை' என்க. 'வைகறை' என்பது அதற்கும் முந்தியது, இரவின் கடைக்கூறு. ஆகையால் 'சன்-அப்' என்பதை வைகறை என்று மொழிபெயர்த்தால் சுமைகூலிக்காரர் இருளில் வந்து காத்திருக்க நேரிடும்.

4. பருத்திக் காட்டில் இச்சொல்

ஒரு சொல்லை யார் மிகுதியாக வழங்கினர் என்று பார்த்தால் அச்சொல்லின் குணம் விளங்கும். 'சன்-அப் முதல் சன்-டவுன் வரை' என்னும் தொடர் அமெரிக்காவின் தென்மாநிலப் பருத்திக் காடுகளின் உழைப்போடு பிரிக்கவொண்ணாதபடி இணைந்திருக்கிறது. அக்காடுகளில் 1865-ஆம் ஆண்டு வரை உழைத்தவர்களில் மிகப் பெரும்பாலோர் அடிமைகளாக வைக்கப்பட்டிருந்த ஆப்பிரிக்க வமிசத்தினர்.

1936 முதல் 1938 வரை அமெரிக்க அரசாங்கத்தின் எழுத்தாளர் திட்டத்தின் கீழ், அடிமை வாழ்வைக் கண்ட முதியோர் இரண்டாயிரம் பேருக்கு மேற்பட்டவர்களைச் சந்தித்து, அவர்கள் சொன்னவற்றை எழுதி வைத்தனர். அவ்வரலாறுகளில் 'சன்-அப்' என்னும் சொல் அடிக்கடி வருகிறது. அவர்களுடைய நாள் எங்கே தொடங்கியது என்பதைச் சொல்ல அவர்களிடம் வேறு அளவுகோல் இல்லை. அதே பகுதியில் இன்னொரு தொடரும் வழங்கியது: கண் தெரிவது முதல் கண் தெரியாதது வரை. அதாவது செடியில் வெடித்த காய் கண்ணுக்குப் புலப்படத் தொடங்கும் வேளையிலிருந்து, அது மறையும் வேளை வரை.

சட்டம் இவ்விஷயத்தில் என்ன செய்தது என்று கேட்கலாம். தெற்குக் கரோலினா 1740-ஆம் ஆண்டில் இயற்றிய அடிமைச் சட்டம், மார்ச் 25 முதல் செப்டம்பர் 25 வரை ஒரு நாளைக்கு 15 மணிக்கு மேலும், மற்ற மாதங்களில் 14 மணிக்கு மேலும் அடிமைகளிடம் வேலை வாங்கக் கூடாது என்று விதித்தது. அந்நாட்டில் குளிர்காலப் பகல் சுமார் பத்து மணிதான். ஆகவே அச்சட்டம் 'கருணை' காட்டிய அளவு, பொழுது கிளம்பியது முதல் சாயும் வரை என்னும் அளவைக் காட்டிலும் அதிகமாகவே இருந்தது.

நியூயார்க்கில் சுதந்தர மனிதராகப் பிறந்து, 1841-ஆம் ஆண்டில் கடத்தப்பட்டு, லூயிசியானாவில் அடிமையாக விற்கப்பட்டு, 1853-இல் மீண்ட சாலமன் நார்த்தப் தம் வரலாற்றில் பருத்தி எடுப்பைப் பற்றி எழுதியிருக்கிறார். ஒருவருக்கு ஒரு நாள் எடுப்பு சாதாரணமாக 200 பவுண்டு என்று கணக்கு. இருட்டிய பின் கூடைகளைச் சுமந்துகொண்டு எடைபோடும் இடத்திற்குச் செல்லவேண்டும். எடை குறைந்தால் சவுக்கடி. எடை மிகுந்தாலும் அச்சமே. மறுநாள் முதல் அதுவே அவருடைய அளவாகிவிடும். தராசும் ஏடும் எடுப்பவர் கையில் இல்லை. பருத்தி எடைபோடும் சங்கத்தில் அங்கத்தினராயிருக்கும் நாம் இதை ஒருமுறை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இத்தொடரை ஒருவர் திருப்பிப் போட்டார். ஜார்ஜ் ராவிக் என்னும் அமெரிக்க வரலாற்றாசிரியர் 1972-இல் வெளியிட்ட நூலுக்கு 'சன்-டவுன் முதல் சன்-அப் வரை' என்று பெயரிட்டார். பகல் எசமானனுக்கு உரியதாயிருந்தது; பொழுது சாய்ந்தது முதல் மறுநாள் பொழுது கிளம்பும் வரை உள்ள நேரத்தில்தான் அம்மக்கள் தமக்கெனக் குடும்பம், வழிபாடு, கதை, பாட்டு, சமூகம் ஆகியவற்றை அமைத்துக்கொண்டார்கள் என்பது அந்நூலின் கருத்து. அதே இரு சொற்கள். இடம் மாறியதும் உழைப்பின் எல்லை உரிமையின் எல்லையாக மாறிவிட்டது.

5. நாட்கூலியின் நீளம்

அடிமை அல்லாத கூலிக்காரரும் அந்நாட்டில் நெடுங்காலம் இதே அளவுக்கு உட்பட்டிருந்தனர். தச்சர், கொத்தர், சுமைகூலிக்காரர் முதலியோருக்கு 'ஒரு நாள்' என்றால் பொழுது கிளம்பியது முதல் சாயும் வரை. இது முதலாளிக்கு எவ்வளவு வாய்ப்பானது என்பது கணக்கிட்டால் விளங்கும். ஃபிலடெல்ஃபியா நகரத்தில் ஜூன் மாதத்து நெடிய பகல் 15 மணி. டிசம்பர் மாதத்துக் குறுகிய பகல் ஒன்பது மணிக்குச் சற்று மேல். உணவுக்கு இரண்டு மணி கழித்தாலும் கோடையில் ஒரு நாள் வேலை 13 மணி. பத்து மணிதான் ஒரு நாள் என்று கொண்டால், நாளொன்றுக்கு மூன்று மணி மிகை. வாரத்தில் ஆறு நாளைக்குப் பதினெட்டு மணி. ஏறத்தாழ இரண்டு நாள் வேலை கூலியின்றிப் போயிற்று. கட்டட வேலையைக் கோடையில் குவித்துக்கொண்டு, பகல் குறுகும் குளிர்காலத்தில் ஆட்களை நிறுத்திவிடவும் இயன்றது.

நமது நாட்டில் இவ்வேறுபாடு இத்தனை கொடிதாகத் தோன்றாது. சென்னையில் மிக நெடிய பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வித்தியாசம் ஏறத்தாழ ஒன்றரை மணியே. நிலநடுக்கோட்டை விட்டு வடக்கே செல்லச் செல்ல இது பெருகும். ஆகையால்தான் 'சன்-அப்' என்னும் சொல்லைக் குறித்த வழக்கு வடநாடுகளில் பெரிதாக எழுந்தது.

பாஸ்டன் நகரத் தச்சர்கள் 1825-இல் பத்து மணி நேர வேலை கேட்டு நிறுத்தம் செய்து தோற்றனர். ஓய்வு கொடுத்தால் பயிலும் இளைஞர்களின் ஒழுக்கம் கெட்டுவிடும் என்று தச்சுக் காண்டிராக்டர்கள் வாதித்தனர். 1835-இல் ஃபிலடெல்ஃபியாவில் ஸ்கூல்கில் ஆற்றுத்துறையில் நிலக்கரி சுமந்தவர்கள் தொடங்கிய நிறுத்தம், பல தொழில்களுக்கும் பரவி, நகரம் முழுவதற்கும் பொதுவாயிற்று. ஆறு முதல் ஆறு வரை, அதில் பத்து மணி வேலை, இரண்டு மணி உணவு என்பது அவர்கள் கோரிக்கை. கோரிக்கை எவ்வளவு எளிமையானது பாருங்கள்! கூலி உயர்வைக் காட்டிலும் முதன்மையாக, ஞாயிறு இருந்த இடத்தில் ஓர் எண்ணை வைக்கும்படி கேட்டார்கள். அவ்வாண்டு ஜூன் மாதத்தில் நகரசபை தன் வேலையாட்களுக்கு இதனை ஒப்புக்கொண்டது. 1840-ஆம் ஆண்டு மார்ச் 31-ஆம் தேதி ஜனாதிபதி வான் பியூரன், மத்திய அரசாங்கத்தின் பொதுப்பணிகளில் நாளொன்றுக்குப் பத்து மணியே வேலை என்று ஆணையிட்டார்.

6. நெசவாளரும் கடிகாரமும்

நெசவாளரான அங்கத்தினர்கள் கவனிக்கத்தக்க பகுதி இது. இங்கிலாந்தின் லங்காஷயர், யார்க்ஷயர் பகுதிகளில் கைத்தறி நெசவாளரின் பழைய வீடுகளில் மேல்மாடியில் நீண்ட வரிசையாகச் சன்னல்கள் இருப்பதை இன்றும் காணலாம். தறிக்கு வெளிச்சம் வேண்டி அமைத்தவை அவை. அறுந்த இழை கண்ணுக்குத் தெரிந்தால்தான் நெசவு ஓடும் என்பது நாம் அறியாததன்று. அவர்களுக்கும் ஞாயிறே கடிகாரம். ஆனால் எழுந்ததும் தறியில் அமர்வதா, சற்றுப் பொறுப்பதா என்பது அவரவர் விருப்பம்.

ஆலை வந்ததும் அவ்விருப்பம் போயிற்று. ஆலைத் தொழிலாளரை இருட்டிலேயே எழுப்புவதற்கு, நீண்ட கழியினால் சன்னலைத் தட்டும் தொழில் ஒன்றே தோன்றியது. அத்தொழில் செய்தவருக்கு 'நாக்கர்-அப்' என்று பெயர். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்து லோவெல் நகரப் பருத்தி ஆலைகளில் பெரும்பாலும் பெண்கள் வேலை செய்தனர். 1845-இல் வெளியான ஓர் அட்டவணையின்படி அங்கே ஒரு நாள் வேலை டிசம்பரில் சராசரி 11 மணி 24 நிமிடம். ஏப்ரலில் 13 மணி 31 நிமிடம். ஆலைக்குள் விளக்கும் மணியோசையும் வந்த பின்னரும், வேலைநாள் ஞாயிற்றைப் பின்பற்றியே நீண்டும் குறுகியும் வந்தது; குறுகியபோதும் பதினொரு மணிக்குக் கீழே இறங்கவில்லை. சாரா பேக்லி என்னும் ஆலைப் பெண் முதலானோர் 1845-இல் சட்டசபைக் குழுவின்முன் சாட்சி சொல்லிப் பத்து மணிச் சட்டம் கேட்டனர். அம்மாநிலத்தில் பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் அச்சட்டம் வந்தது 1874-இல்தான்.

நமது நாட்டு ஆலைகளின் வரலாறும் இதற்கு ஒத்ததே. பம்பாய்ப் பஞ்சாலைகளில் மின்விளக்கு வருமுன் பகல் வெளிச்சம் உள்ள மட்டும் வேலை நடந்தது. விளக்கு வந்ததும் வேலை குறையவில்லை. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல ஆலைகளில் நாளொன்றுக்குப் பதினான்கு மணியையும் தாண்டியது. 1911-ஆம் ஆண்டுச் சட்டம் நெசவாலைகளில் வயதுவந்த ஆடவருக்குப் பன்னிரண்டு மணி என்று முதன்முதலாக எல்லை கட்டியது. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் நாளுக்கு ஒன்பது மணி, வாரத்திற்கு நாற்பத்தெட்டு மணி என்று வகுத்தது. 'நாள்' என்பது நள்ளிரவில் தொடங்கும் இருபத்து நான்கு மணி நேரம் என்று அச்சட்டம் பொருள் வரையறை செய்ததையும் நோக்குக. பொழுது கிளம்புவதற்கும் அதற்கும் தொடர்பில்லை.

கூட்டுறவு இயக்கத்தின் தொடக்கத்திலும் இக்காலக் கணக்கு மறைந்து நிற்கிறது. ராச்டேல் முன்னோடிகள் இருபத்தெட்டுப் பேர், இருபத்தெட்டுப் பவுன் மூலதனத்துடன் தங்கள் கடையைத் திறந்தது 1844-ஆம் ஆண்டு டிசம்பர் 21-ஆம் தேதி. ஆண்டின் மிகக் குறுகிய பகல் அது. ராச்டேலில் அன்று பகல் சுமார் ஏழரை மணியே. பிற்பகல் நான்கு மணிக்குள் பொழுது சாய்ந்துவிடும். கடை திறந்ததோ இரவு எட்டு மணிக்கு. முதலில் வாரத்தில் இரண்டு மாலைகள் மட்டுமே திறந்து வைத்தனர். பகல் முழுதும் பிறரிடம் உழைத்தவர்களுக்குத் தங்கள் கடையை நடத்த மிஞ்சியது பொழுது சாய்ந்த பின்னுள்ள நேரமே. அவர்கள் விற்ற மாவு, வெண்ணெய், சர்க்கரை, ஓட்ஸ் மாவு ஆகியவற்றுடன் மெழுகுவர்த்தியும் இருந்தது பொருத்தமே.

இங்கே ஒரு தடை எழுப்பலாம். கடிகாரம் வந்ததால் தொழிலாளருக்கு நன்மைதானா? இங்கிலாந்தின் சில ஆலைகளில் கடிகாரத்தைக் காலையில் முன்னோக்கியும் மாலையில் பின்னோக்கியும் திருப்பி வைத்தார்கள் என்றும், தொழிலாளர் கையில் கடிகாரம் வைத்திருக்க விடவில்லை என்றும் சாட்சியங்கள் உள்ளன. ஞாயிற்றை எந்த முதலாளியும் திருப்பி வைக்க இயலாது. அந்த மட்டில் ஞாயிறு நேர்மையான சாட்சி. ஆகவே மணியை எழுதுவது மட்டும் போதாது; அந்த மணியைக் காட்டும் கடிகாரம் இரு தரப்பினரும் பார்க்கக்கூடிய இடத்தில் இருக்க வேண்டும்.

7. ஞாயிறு எப்பொழுது எழுகிறது?

'சன்ரைஸ்' என்னும் முறையான சொல்லுக்காவது ஐயமற்ற அளவு உண்டா எனில், உண்டு. ஞாயிற்று வட்டத்தின் மேல்விளிம்பு அடிவானத்தில் முதன்முதல் தோன்றும் கணமே உதயம் என்று வானநூலார் கொள்வர். அப்போது வட்டத்தின் நடு, அடிவானத்துக்கு 50 கலை கீழே இருக்கிறது (பாகையில் அறுபதில் ஒரு பங்கு ஒரு கலை). அதில் 16 கலை ஞாயிற்று வட்டத்தின் பாதி அளவு. மீதி 34 கலை காற்றுமண்டலம் ஒளியை வளைப்பதால் நேர்வது. நாம் ஞாயிற்றின் விளிம்பைக் காணும் அக்கணத்தில் உண்மையில் அது முழுதும் அடிவானத்துக்குக் கீழேதான் இருக்கிறது!

வெளிச்சம் இதற்கும் முந்தி வருகிறது. ஞாயிறு அடிவானத்துக்கு ஆறு பாகை கீழே இருக்கும்போதே வெளியில் வேலை செய்யப் போதிய ஒளி கிடைக்கும். நமது பகுதியில் அது உதயத்துக்கு இருபது, இருபத்தைந்து நிமிடம் முன்னர். பொழுது கிளம்ப என்று சொன்னவர் எதைக் கருதினார்? வெளிச்சத்தையா, விளிம்பையா, மலைக்கு மேலே முழு வட்டம் தெரிவதையா? மூன்றுக்கும் இடையே அரைமணிக்கு மேல் போய்விடும்.

ஊருக்கு ஊரும் மாதத்துக்கு மாதமும் வேறுபாடு உண்டு. சென்னையில் உதயம் ஜூன் தொடக்கத்தில் ஏறத்தாழ 5.40 மணிக்கு, ஜனவரிக் கடைசியில் ஏறத்தாழ 6.35 மணிக்கு. அதே நாளில் கோயமுத்தூரில் சுமார் கால் மணி நேரம் பிந்தும்.

சட்டம் சில இடங்களில் உதயத்தையே அளவாகக் கொள்கிறது. விதிவிலக்கான சந்தர்ப்பங்களில் அன்றி, அஸ்தமனத்துக்குப் பின்னும் உதயத்துக்கு முன்னும் பெண்களைக் கைது செய்யலாகாது என்பது 2005-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் சேர்ந்தது. 2023-ஆம் ஆண்டுப் புதிய சட்டத்திலும் தொடர்கிறது. அங்கே இருளே பொருள். ஆகவே ஞாயிறே தக்க அளவு. அங்கும் எழுதியிருப்பது 'சன்ரைஸ்', 'சன்-அப்' அன்று.

8. நமது ஏடுகளில்

சங்கங்களை ஆய்வு செய்யும்போது, கூலிப் பட்டியலில் 'ஒரு நாள்' என்று மட்டும் எழுதி, தொடங்கிய மணியும் முடிந்த மணியும் இல்லாத பக்கங்களைக் கண்டதுண்டு. கேட்டால், 'பொழுது கிளம்ப வருவார்கள், பொழுது சாயப் போவார்கள். எல்லோருக்கும் தெரிந்ததுதானே' என்பார்கள். எல்லோருக்கும் தெரிந்தது தகராறு வரும்வரைதான் எல்லோருக்கும் தெரிந்ததாக இருக்கும். தகராறு வந்தபின் அவரவர் தமக்கு வாய்ப்பான அளவையே நினைவு கூர்வர்; வலியவர் நினைவே நிலைக்கும். நாம் மேலே கண்ட வரலாறு முழுதும் இதற்குச் சான்று. ஆகவே பின்வருவனவற்றை அங்கத்தினர்கள் கடைப்பிடிக்க வேண்டுகிறேன்.

முதலாவது, வெளியிலிருந்து வரும் கடிதத்தில் 'சன்-அப்', 'டான்', 'ஃபர்ஸ்ட் லைட்' முதலிய சொற்கள் இருந்தால், பதில் கடிதத்தில் அவ்வேளையை மணியாக எழுதி, எந்நாட்டு நேரம் என்பதையும் குறித்து, ஒப்புதல் பெறுக. 'இந்திய நேரம் காலை 6.30 மணிக்குக் கிடங்கு திறந்திருக்கும்' என்று எழுதினால் போதும்.

இரண்டாவது, நாட்கூலிக்கு ஆள் அமர்த்தும்போது தொடங்கும் மணி, உணவு வேளை, முடியும் மணி ஆகிய மூன்றையும் பட்டியலில் எழுதுக. பருத்தி எடுப்புப்போல் வெயிலுக்கு முன் தொடங்கவேண்டிய வேலையாயின் மாதத்திற்கேற்ப மணியை மாற்றிக்கொள்ளலாம். மாற்றத்தை முன்னரே அறிவிக்க வேண்டும்.

மூன்றாவது, எடைபோடும் இடத்திலும் கொள்முதல் செய்யும் இடத்திலும் கடிகாரமும் தராசும் அங்கத்தினர் கண்ணில் படும்படி இருக்கட்டும்.

நான்காவது, பேச்சில் இச்சொற்களை விலக்க வேண்டியதில்லை. 'பொழுது கிளம்ப வா' என்று அண்டை வீட்டுக்காரரிடம் சொல்வதில் உள்ள இணக்கம், '5.50-க்கு வா' என்பதில் இல்லை. நம்பிக்கையுள்ள இருவருக்கிடையே அச்சொல் போதும். கையெழுத்து இடவேண்டிய தாளில் மட்டும் எண் வேண்டும்.

படிப்பு வட்டத்திற்கான வினாக்கள்

1. 'சன்-அப்', 'டான்', 'சன்ரைஸ்' ஆகியவற்றுள் சங்கத்தின் ஒப்பந்தத்தில் வரத்தக்கது எது? ஏன்?

2. 'தி சன் இஸ் அப்' என்பதற்கும் 'அட் சன்-அப்' என்பதற்கும் உள்ள வேறுபாடு யாது?

3. உங்கள் ஊரில் விடியலுக்கு வழங்கும் சொற்களைத் தொகுத்து, முந்தி வருவது முதல் பிந்தி வருவது வரை வரிசைப்படுத்துக.

4. ஃபிலடெல்ஃபியாத் தொழிலாளர் 1835-இல் ஞாயிற்றுக்குப் பதிலாக எதை அளவாகக் கேட்டனர்? அதனால் கோடையில் நாளொன்றுக்கு அவர்களுக்கு மிஞ்சிய நேரம் எவ்வளவு?

5. உங்கள் சங்கத்தின் கூலிப் பட்டியலில் கடந்த மாதத்துப் பக்கத்தை எடுத்துப் பார்க்கவும். 'ஒரு நாள்' என்பது எத்தனை மணி என்று அதைக் கொண்டு சொல்ல இயலுமா? இயலாதாயின் அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தில் இதனை ஒரு பொருளாக வைக்குமாறு கேட்கவும்.